லாரன்சுக்கு, நம் இரண்டாவது கேசட் பற்றி

பாசத்துக்குரிய மாப்பிள்ளை லாரன்சு,

தங்கச்சி புருசனை நீ, வா, போ என்று பேசாதே என்று அம்மா இன்றைக்கும் திட்டும். அதற்கு முன்பே நீ என் சிநேகிதன் என்பது அம்மாவுக்கு எப்போதுமே கணக்கில்லை. நான் பழையபடியே எழுதுகிறேன்.

கேசட் வந்துவிட்டது. ஆறு வருசம் கழித்து நம் குழுவின் இரண்டாவது கேசட். சேலத்திலிருந்து அட்டைப்பெட்டியோடு நேற்று பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கினேன். பெட்டியைக் கீழே வைத்தவன், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு அலுப்பு. இப்போதும் கச்சேரிக்குப் போனால், சொந்தப் பாட்டெல்லாம் வூட்டுல பாடிக்குங்க, சினிமாப் பாட்டு போடுங்க என்றுதான் சொல்கிறார்கள். டிரம்ஸ் மாதப்பன் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே சாமான்களைக் கட்டுவான். பிறகு எதற்கு இன்னொரு கேசட்?

உன் மகளுக்காகத்தான். நீ மஞ்சள் காமாலையில் போனபோது ரீட்டா எட்டு மாதக் குழந்தை. இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வருசம் கிடாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "எங்கப்பா கொரலு எப்புடி இருக்கும் மாமா?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? முதல் கேசட்டில் நீ பாடவில்லை. பதிவன்று உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, ஸ்டுடியோக்காரர் தேதியை மாற்ற மாட்டேன் என்றார், நான் பாடினேன். அடுத்ததில் நான் பாடிக்கிறேன் என்று சிரித்தாயே. மிச்சமிருந்தது நாம் ஒத்திகையில் பதிந்த ஒரே ஒரு கேசட். உன் குரல் அதில் மட்டும்தான். புதுக் கேசட்டின் கடைசிப் பாட்டாக அதையே சேர்த்துவிடுவதாக ரீட்டாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதை அழித்தவனும் நான்தான், மாப்பிள்ளை.

நீ கண்ணை மூடிய வாரமே அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தேன். பல் இல்லாவிட்டால் மேலே எதுவும் பதியாதில்லையா. ஆனால் புதுக் கேசட் வாங்க வழியில்லாத நம் கூட்டத்துக்கு வேறொரு பழக்கம் உண்டே. பல் உடைந்த கேசட் எது கிடைத்தாலும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அதன் மேலேயே பதிவோம். நீயோ எந்தக் கேசட்டிலும் பெயர் எழுத மாட்டாய். பெயர் எழுதினால் அழிக்க மனசு வராது என்பாய். புதுப் பாட்டுகளின் ஒத்திகையன்று அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்தேன். காகிதத்தை விரல் தானாகத் திணித்தது. பாட்டெல்லாம் பாடி முடித்து, உன் கேசட்டை வைத்திருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தபோதுதான் எந்தக் கேசட் என்று தெரிந்தது. மாதப்பன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஸ்டெல்லாவிடம் மூன்று மாதம் பொய் சொன்னேன். கேசட் சேலத்தில் இருக்கிறது, சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று. உன் பெண்டாட்டியிடம், என் கூடப்பிறந்தவளிடம். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்பாள். கோயில் பக்கம் போகவே பயமாகிவிட்டது. களைத்துப்போய்த்தான் ஒருநாள் உண்மையைச் சொன்னேன், நல்லவனாகி அல்ல.

அவள் சத்தம் போடவில்லை. அந்தக் கேசட்டைக் கொண்டுவரச் சொன்னாள். முழுக்க என் தகரக் குரல். ரீட்டாவையும் உட்காரவைத்து மூவரும் கேட்டோம். எங்கள் பாட்டு முடிந்தது. நான் நிறுத்தக் கை நீட்டினேன், அவள் தடுத்தாள். கொஞ்சம் இரைச்சல். அதற்குப் பிறகு, நான் அழிக்காமல் விட்ட கடைசித் துண்டில், நீ.

"நில்லு மச்சான். நீ தாளத்த இழுக்கற. மறுபடியும் மொதல்லருந்து போலாம்."

அவ்வளவுதான். டேப் தீர்ந்துவிட்டது.

நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஸ்டெல்லா டேப்ரிக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "பாட்டு எனக்கு மனப்பாடம்ணா," என்றாள். "அவரு திட்டறதுதான் மறந்துபோயிருந்துச்சு."

ரீட்டா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அப்பா யாரைத் திட்டுகிறார் என்று கேட்டாள். என்னைத்தான் என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. இப்போது நான் சோற்றுக்குத் தாமதமாக வந்தால்கூட, நீ இழுக்கற மச்சான் என்கிறாள். மாமா என்று சொல்லு என்றால் கேட்பதில்லை.

புதுக் கேசட்டின் கடைசியில் அந்தத் துண்டைச் சேர்த்திருக்கிறோம். ஸ்டுடியோக்காரருக்குப் புரியவில்லை. பாட்டு முடிந்த பிறகு யாரோ திட்டுகிறாரே, தெரியாமல் பதிவாகிவிட்டதா என்றார். இருக்கட்டுங்க என்றேன்.

உன் பாட்டை நான் திரும்பக் கொண்டுவர முடியாது. மன்னிப்பாயா? பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். ரீட்டா அதை ஸ்டெல்லாவிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் அவள் பாட, நான் கிடார் பிடிக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. தாளம் கைக்கு முன்னால் ஓடுகிறது. ஆனாலும் அவள் நிறுத்தச் சொல்கிற ஒவ்வொரு முறையும், மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பேன். இது சத்தியம்.

இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கும்
உன் மச்சான்,
சூசை