மச்சானுக்குச் சொன்ன தேங்க்யூ

1958 ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. ஆபீஸில் பதினொரு கடிதம் டைப் அடித்தேன், எல்லாம் மிளகு விஷயம். ஒவ்வொன்றின் முடிவிலும் தேங்க்யூ. தண்ணீர் கொண்டுவந்தால் தேங்க்யூ, கதவைத் திறந்தால் தேங்க்யூ. துரைக்கு அது வேண்டும். எட்டு வருஷத்தில் எனக்கும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மச்சான் இன்றும் வரவில்லை. ஒரு மாதம் ஆகப்போகிறது. ஜமீலாவுக்கு வலி எடுத்தபோது நான் ஆபீஸில். அவள் அண்ணன்தான் கொட்டும் மழையில் வள்ளம் பிடித்து எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது நான், பெரிய மேதாவி, கையைப் பிடித்துக் குலுக்கி "தேங்க்யூ மச்சான்" என்றேன். போட்டு வைத்த சாயாவைத் தொடாமல் போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன்

வாங்க வேண்டியவை: வெல்லம், ஏலக்காய், பிள்ளைக்குச் சட்டை, ஜமீலாவுக்குத் தலைவலித் தைலம்.

ஞாயிறு பிள்ளைக்கு நாற்பதாம் நாள். முடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். ஆள் அனுப்பினேன், பதில் இல்லை.

"கூடப்பிறந்தவர வழிப்போக்கன் ஆக்கிட்டீங்க. நம்ம வீட்ல யாராவது யாருக்காவது அந்த வார்த்தை சொல்லியிருக்காங்களா?" என்றாள் ஜமீலா.

இல்லைதான். என் அத்தாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

ஜூலை 12, சனி

பஜாரில் மச்சானின் அரிசிக் கடை. மூன்று தடவை தாண்டிப் போய்விட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதுவும் அந்நியர் பேச்சாகிவிடுமோ என்று பயம். அவர் பாதி குடித்து வைத்திருந்த சாயாவை எடுத்துக் குடித்தேன். நாளைக்குக் கறி வாங்க நீங்கள்தான் போக வேண்டும், எனக்கு நேரமில்லை என்றேன்.

"எந்தா, நான் உனக்கு வேலைக்காரனா மாப்ள?"

ஆமாம் என்றேன். அவர் அரிசி அளக்கத் திரும்பிவிட்டார். வருவாரா? தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் கறிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். முடி இறக்கி முடிவதற்குள் பிள்ளை அவர் மடியை நனைத்துவிட்டான். அரிசிமாவு ரொட்டி, பத்திரி, ஆறு சாப்பிட்டார், கறியில் உப்பில்லை என்று தங்கச்சியைத் திட்டினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. போகும்போது என் புதுக் குடையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பேய் மழை. தொப்பலாக நனைந்து ஆபீஸ். துரை தன் துவாலையை நீட்டினார். தேங்க்யூ சொன்னேன்.