குர்ஷித் டீச்சரின் பென்டிரைவ்

23 ஆகஸ்ட் 2008, சனி

கம்ப்யூட்டரைத் திறக்கவே கூசுகிறது. பத்தாம் வகுப்புக் காலாண்டு வினாத்தாளை அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்க அரைகுறைத் துணியில் பெண்கள். ஒன்றை மூடினால் இரண்டு வருகிறது. சீ! துண்டை எடுத்து மானிட்டர்மேல் போட்டேன்.

வீட்டுக்காரர் கிளெமென்ட் எட்டிப் பார்த்தார். "போன வாரம் அந்தம்மா வீட்டுக்கு வந்து பென்டிரைவச் சொருகுச்சுல்ல, அதுலதான் வந்திருக்கும். அது மகன் பிரவுசிங் சென்டர்ல என்னத்தப் பாத்தானோ."

அந்தம்மா என்றால் குர்ஷித் பேகம் டீச்சர். பதினோரு வருஷமாக ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி.

"நம்மதான் ஆன்டிவைரஸ் போட்டிருக்கோமே?" என்றேன். ஜூனில் யாரிடமோ சிடி வாங்கிவந்து இவரே போட்டது. இதையெல்லாம் கடையில் வாங்குகிறவன் கேணையன் என்று பெருமை வேறு.

"அது நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார்.

25 ஆகஸ்ட்

ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "ஒங்க பென்டிரைவ்னால எங்க கம்ப்யூட்டர்ல அசிங்கம் அசிங்கமா வருது டீச்சர். மகனக் கொஞ்சம் கவனிங்க."

குர்ஷித் டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்த டப்பாவை மூடினார்.

சரியாகத்தானே சொன்னேன்?

28 ஆகஸ்ட்

வினாத்தாளே இப்போது ஒழுங்காகத் திறக்கவில்லை. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக. கடையில் சொல்லியிருக்கிறேன்.

30 ஆகஸ்ட், சனி

கம்ப்யூட்டர் கடை மரியசெல்வம் வந்தார். இலவசமாகக் கிடைக்கும் ஆன்டிவைரஸ் போதுமா, பெட்டியில் வருவதை வாங்கவா என்று கேட்டேன். "இலவசமும் மோசமில்ல டீச்சர். ஆனா தெனம் நெட்ல புதுப்பிக்கணும். ஒங்க போன் லைன் இருக்கிற இருப்புக்கு அது ஆகாது" என்றார். ஒரு வருஷ லைசென்ஸோடு பெட்டியையே வாங்கிப் போடச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு திரையைக் காட்டினார். "பென்டிரைவ்ல வரல டீச்சர். தேதியப் பாருங்க, ஜூன் பதினாலு. திருட்டு ஆன்டிவைரஸ் சிடியில, லைசென்ஸ உடைக்கிறதுக்குன்னு ஒரு ஃபைல் இருக்கு பாருங்க. அதுதான் வைரஸே."

குர்ஷித் டீச்சர் பென்டிரைவைச் சொருகியது ஆகஸ்டில்.

போகும்போது மரியசெல்வம் சாதாரணமாகச் சொன்னார்: "சார் போன மாசம் கடைக்கு வந்தப்பவே சொன்னேனே. படம் படமா வருதுன்னாரு. அந்த சிடியத் தூக்கிப் போடுங்கன்னேன்."

போன மாதம்! எல்லாம் தெரிந்துகொண்டே, அந்தப் பொம்பளை மேல, அவ பிள்ளை மேல பழியப் போட்டிருக்காரு. ராத்திரிச் சாப்பாட்டின்போது கிளெமென்ட்டிடம் கேட்டேன். "அதை விடு. இப்ப யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.

இவர் சொன்னார் சரி. நான் எதற்கு வாங்கிக்கொண்டு போய் ஊர் முன்னால் கக்கினேன்? ஒரு முஸ்லிம் வீட்டுப் பையன் என்றதும் கேள்வியே கேட்காமல் நம்பினேனா? இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. என்மேல்தான்.

3 செப்டம்பர், புதன்

அதே ஸ்டாஃப் ரூமில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து சொன்னேன். வைரஸ் எங்கள் வீட்டுச் சிடியில் வந்தது, நான் சொன்னது பொய்.

நோன்பு நேரம். குர்ஷித் டீச்சர் வறண்ட உதட்டோடு என்னைப் பார்த்தார். "அன்னைக்குச் சாயங்காலம் போயி பாரூக்க அடிச்சுட்டேன் டீச்சர். பெல்ட்டால. நான் பாக்கலம்மா, பாக்கலம்மான்னு கத்துனான். நான் ஒங்களத்தான நம்புனேன்."

6 செப்டம்பர், சனி

பேகம்பூரில் குர்ஷித் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பாரூக் கதவருகே நின்றான். மீசை அரும்பும் வயது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றான், தரையைப் பார்த்தபடி. முழங்கைக்கு மேலே தழும்பு.

8 செப்டம்பர்

பழைய ஃபைல் மீளவே இல்லை; வினாத்தாளைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.

13 செப்டம்பர், சனி

கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்கிறது. நான் புதிதாகப் போட்ட பாஸ்வேர்டைக் கிளெமென்ட் கேட்டார். "பேகம்பூர் போய் அந்தப் பிள்ளைகிட்ட உண்மையச் சொல்லிட்டு வாங்க, தாரேன்" என்றேன். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

பாஸ்வேர்டை நான் சொல்லவில்லை.