எனக்கு ஓட்டத் தெரியும்

மார்ச் 4, செவ்வாய்

லேபுக்கு ரத்தம் எடுக்கக் காலையில் ஏழு வீடு. ஆறாவது வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூட வளைவில் கார் அணைந்துவிட்டது. விளக்கை ஊதி அணைத்த மாதிரி. திணறல் இல்லை, சத்தம் இல்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் வெறுமனே சுற்றுகிறது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியது.

அதற்குள் ஐஸ் பெட்டி சூடேறிவிட்டது. லேபில் மேடம் இரண்டு குழாய்களைத் தனியே எடுத்து வைத்தார். "இது ரெண்டும் ஆகாதும்மா. மறுபடி எடுத்துட்டு வாங்க." பட்டினி கிடந்து ரத்தம் கொடுத்த எண்பது வயதுக்காரரிடம், நாளைக்கும் பட்டினி இருங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "வண்டி சும்மா நிக்காது. ஓட்டத் தெரியணும்" என்றார்.

நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றேன். முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினேன். இவர் மூன்றாவது தடவை. அதை நான் சொல்லிக்காட்டவில்லை. இங்கே எழுதி மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

தெருமுனை மெக்கானிக்குக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "பொறுமையா இருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். காலையிலேயே வண்டியை எடுத்துப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"தங்கமா ஓடுதுக்கா."

பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி போய்விடுமே, அந்தக் கதைதான். பொறுமையின் கை பட்டால் வண்டி யோக்கியமாகிவிடுகிறது. ஒன்பது வருஷ வண்டி. தரகர் மூலம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பெரிய பொருள்.

"அடுத்த தடவை நின்னா எங்க, எத்தனை மணி, வெயில் எப்படி, டேங்குல எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதி வைங்க" என்றார் பொறுமை. வண்டியைப் பற்றி நான் சொன்னதை நம்பிய முதல் ஆள்.

மார்ச் 10, திங்கள்

சிக்னலில் நின்றது. 9.40. நல்ல வெயில். டேங்க் கால்வாசி. பின்னாலிருந்த பஸ் ஓட்டுநர் சொன்னதை எழுத மாட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மேம்பாலம். 11.15. கொளுத்தும் வெயில். டேங்க் கால்வாசிக்கும் கீழே. வேகம் ஐம்பது.

உச்சியைத் தாண்டும்போது அணைந்தது. ஸ்டீயரிங் கல் மாதிரி கனத்தது. பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு இறங்க மறுத்தது. கண்ணாடியில் லாரி. பெரிதாகிக்கொண்டே வருகிறது.

எப்படி ஓரம் கட்டினேன் — தெரியலை. முட்டியால ஸ்டீயரிங்கைத் தள்ளினேனா? லாரி ஒரு முழம் தள்ளிப் போச்சு. பக்கக் கண்ணாடி மடங்கிப் போச்சு.

நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லட்டும் யாராவது. செத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாங்க — பொம்பளை ஓட்டினா இப்படித்தான்னு. செத்ததுக்கு அப்புறம் பதில்கூடச் சொல்ல முடியாது.

பதில் சொல்லாமல் சாக மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று இவர் ஓட்டினார், எனக்குக் காட்டுவதற்காக. "பக்கத்துல உக்காந்து நல்லா பாரு."

பார்த்தேன். கால் எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பதறாமல் மிதிக்க வேண்டும் என்று பாடம் நடந்தது. கடைவீதியில், பாடத்தின் நடுவிலேயே அணைந்தது. சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு ஹாரன் அடித்துப் பார்த்தார், அது எதற்கென்று தெரியவில்லை. நான் ஜன்னல் வழியாகத் தக்காளி விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டிக்கு ஆண், பெண் பாகுபாடு கிடையாது.

வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் போட்டார். பிறகு, "வித்துடலாம்."

மார்ச் 18, செவ்வாய்

விற்பதற்கு ஆள் பார்த்துக் கூட்டி வந்துவிட்டார். கணவன், மனைவி, கைக்குழந்தை. நிழலில் ஆறிக் கிடந்த வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. தெருவைச் சுற்றிக் காட்டியபோதும் நல்ல பிள்ளை. அந்தப் பெண் குழந்தையைப் பின்சீட்டில் கிடத்திப் பார்த்தாள். "தாராளமா இருக்கு" என்று சிரித்தாள்.

எனக்கு லாரி ஞாபகம் வந்தது.

"இது ஓடிட்டிருக்கும்போதே நின்னுடுதும்மா. ஏன்னு இன்னும் கண்டுபிடிக்கலை" என்றேன்.

அவள் குழந்தையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் இவர், "வர்ற லட்சுமியைக் காலால உதைக்கிற. உலகத்துல யாரு குறையைச் சொல்லி விக்கிறாங்க?" என்றார்.

"நான்."

மார்ச் 20, வியாழன்

பொறுமை போன் செய்தார். அவர் குரலில் பொறுமையே இல்லை. "அக்கா, உங்க மாடலுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ரீகால் வந்திருக்கு." கம்பெனியே குறையை ஒப்புக்கொண்டு, வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு, இலவசமாகச் சரிசெய்து கொடுப்பதாம். என்ன குறை? டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். சூட்டில் உப்பி இறுகிக்கொள்கிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது. டேங்கில் பெட்ரோல் குறைந்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும்.

வெயில், கால்வாசி டேங்க், இருபத்தைந்து நிமிடம். எல்லாம் என் குறிப்பில் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று யாரும் நினைக்க வேண்டாம், கோபம்.

கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டேன். 'உங்கள் வண்டி பட்டியலில் உள்ளது' என்று வந்தது. அதற்குக் கீழே: 'பம்ப் மாற்றும் பணி முடிந்தது.'

முடிந்ததா?

மார்ச் 22, சனி

சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, காபி மிஷின், டை கட்டிய மேனேஜர்.

"சிஸ்டத்துல முடிஞ்சதுன்னு இருக்கும்மா."

"வண்டியில முடியலையே."

"சிஸ்டம் தப்பா காட்டாது. பெட்ரோல் எங்க போடுறீங்க? சார் வரலையா?"

"சார் ஓட்டினாலும் நிக்குது."

டேங்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முடிந்த வேலைக்கு மறுபடி திறக்கக் கம்பெனி அனுமதிக்காதாம். காபி வேண்டுமா என்று கேட்டார். காபிக்கு மட்டும் அனுமதி இருக்கிறது போல.

மார்ச் 25, செவ்வாய்

பழைய பதிவுச் சான்றில் முதல் உரிமையாளரின் முகவரி இருந்தது. தேடிப் போனேன். ஓய்வுபெற்ற நூலகர் அம்மா. தனியாக இருக்கிறார். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன்.

"எனக்கும் ரெண்டு தடவை நின்னுதும்மா. ரீகால் லெட்டர் வந்ததும் கொண்டுபோய் விட்டேன். கழுவிக் குடுத்தாங்க. அதுக்கப்புறமும் நின்னுது. போய்ச் சொன்னா, 'மேடம், வயசாயிடுச்சுல்ல, இனிமே எதுக்கு ஓட்டிக்கிட்டு'ன்னாங்க." மோர் ஊற்றி என் முன்னால் வைத்தார். "நானும் சரிதான்னு நெனச்சு ஓட்டுறதையே விட்டுட்டேன். முப்பது வருஷமா ஓட்டினவ."

என்னிடம் சொன்னதையேதான் அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பெண் என்று, அவருக்கு வயது என்று.

நூலகர் அல்லவா, எதையும் எறியவில்லை. சர்வீஸ் சீட்டை இரண்டே நிமிடத்தில் எடுத்தார். நான் போன அதே சென்டர். வண்டி உள்ளே 10.05. வெளியே 10.50.

மார்ச் 28, வெள்ளி

பின்சீட்டைக் கழற்றினால் அடியில் டேங்க் மூடி. பொறுமை திறந்தார். நூலகர் அம்மா டாக்ஸியில் வந்து இறங்கி, "நான் சாட்சி" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இவர் லீவு போட்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. போனில் படம் பிடித்தார்.

பம்ப்பைத் தூக்கித் துடைத்தபோது, அதன் பக்கவாட்டில் தயாரித்த ஆண்டு. ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. வண்டி பிறந்தபோதே கூடப் பிறந்த பம்ப்.

திறந்து எடுக்க மட்டும் பொறுமைக்கு ஒரு மணி நேரம். சென்டர்காரர்கள் நாற்பத்தைந்து நிமிடத்தில் மாற்றி, மூடி, கழுவியும் கொடுத்தார்களாம்.

இவர் போனை இறக்கிவிட்டு, "அன்னிக்குப் பாலத்துல எப்படி ஓரம் கட்டின?" என்றார். இன்றுதான் கேட்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

திங்கட்கிழமை வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். படங்கள், சீட்டு, என் குறிப்புகள் எல்லாம். இன்று டை கட்டியவர் வீட்டுக்கே வந்துவிட்டார். புதுப் பம்ப், மேலும் ஒரு வருஷம் இலவச சர்வீஸ். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கையெழுத்து மட்டும் போதுமாம்.

"எத்தனை வண்டிக்கு இப்படி முடிஞ்சதுன்னு போட்டீங்க?"

தண்ணீர் குடித்தார். "உங்க வண்டியைப் பத்தி மட்டும் பேசுவோம்மா."

"நான் மத்த வண்டியைப் பத்தித்தான் பேசுறேன்."

அவர் இவரைப் பார்த்தார். சார், நீங்களாவது சொல்லுங்க என்கிற பார்வை. எனக்கும் பயம்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாரே என்று. இவர் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை வண்டி மூடிக் கிடக்கிறது. பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு போகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து, "மீனா?" என்றார். "ரத்தம்" என்றேன். சீட் முழுக்க எனக்கே கிடைத்தது.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு அதிகாரிகள் வந்து பம்ப்பைப் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். அந்த சென்டரில் 'முடிந்தது' என்று பதிந்த வண்டிகள் அத்தனையையும் திறந்து பார்க்க உத்தரவாம். வேறொரு சென்டரில் எனக்குப் புதுப் பம்ப் போட்டார்கள்.

"உள்ள நிக்கக் கூடாதும்மா" என்றான் ஒருவன்.

"நிப்பேன்."

கடைசித் திருகாணி இறுகும்வரை நின்றேன்.

மே 19, திங்கள்

எட்டு வீடு. எல்லாக் குழாயும் நேரத்துக்குள் லேபுக்குப் போயின.

ஐந்தாவது வீட்டில் கொஞ்சம் பேச்சுக்காரப் பெண்மணி. ஊசி என்றால் பயம், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். போன வாரம் அவர் காரை சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்களாம். "பம்ப்பை மாத்திட்டோம்னு ரெண்டு வருஷமா சொன்னவங்க, திறந்து பார்த்தா மாத்தவே இல்லையாம். என் பையன் தினமும் ஹைவேல ஓட்டுற வண்டிம்மா. யாரோ ஒரு பொம்பளை விடாம மல்லுக்கு நின்னாங்களாம். அவங்க வீட்டுக்காரர் பாவம்னு என் பையன் சொல்றான்."

"நான்தான்மா அது" என்றேன்.

ஊசி குத்தும்போதுகூடத் திரும்பாதவர் அப்போது திரும்பி என்னைப் பார்த்தார். பஞ்சைப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்து ரத்தம் ஒரு சொட்டு வெளியே வந்தது.

"பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, குழாயில் அவர் பெயரை எழுதினேன்.