கடித்துப் பார்க்காத கிழங்கு

அன்புள்ள பசிலிசா,

இங்கே நானும் உன் மகள் லூர்தெஸும் சுகம். உன் பன்றி எட்டுக் குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. கடல் பக்கத்துக் கூரை ஓட்டையை லூர்தெஸைக் கட்டிக்கொள்ளப் போகிறவனே ஏறி அடைத்தான். நல்ல பிள்ளை. மிந்தோரோவில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

மே மாதம் கல்யாணத்துக்கு ஊருக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வரவேண்டாம்.

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது, ஊர் முடிக்கவில்லை. கிரிசாந்தோவிடம் நானே போய்க் கேட்டேன். மகள் போன பிறகு அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. என் பழைய மாணவன் என்பதால் நாற்காலி போட்டான். "வரட்டும் டீச்சர், தடுக்க நான் யாரு? ஆனா எங்க வாசல் வழியாத்தானே கோயிலுக்குப் போகணும். அன்னிக்கு என் பொண்டாட்டிய நான் எங்க கொண்டுபோய் வைக்கட்டும்?" என்றான். கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கடிதத்துக்குக் கடிதம் அந்த மூடியைப் பற்றியே எழுதுகிறாய். மாமெர்த்தோ கிழவர் இறந்த ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு நாம் மரவள்ளியும் தேங்காயும் சேர்த்து நிலுபாக் இடித்த அன்று, சாரல் விழுகிறதென்று கிழங்கு வெந்த பானையை மூடினாயாம், விஷம் உள்ளேயே நின்றுவிட்டதாம், அதனால்தான் தின்றவர்களில் பதினோரு பேர் விழுந்து, கிரிசாந்தோவின் ஆறு வயது மகள் ஜோனலின் பிழைக்காமல் போனாளாம். பசிலிசா, மூடியால் அல்ல.

மாவு ஆலைக்குப் பயிரிடும் கசப்புக் கிழங்கு அன்று நமக்கு வந்த கூடைகளில் கலந்திருந்தது. பச்சையாக ஒவ்வொன்றையும் நுனியில் கடித்துத் துப்பி, கசப்பதைக் கழிப்பது என் வேலை. அந்த வாரம்தான் பல்செட் மாட்டியிருந்தேன். முதல் கிழங்கிலேயே மேல்வரிசை கழன்று வந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். நீ பானையைத் தூக்கியபடி, "எல்லாத்தையும் கடிச்சுப் பாத்தாச்சா டீச்சர்? இல்ல, புதுப் பல்லு வெக்கப்படுதா?" என்று கேலி செய்தாய். பார்த்தாச்சு என்றேன். இரண்டு கூடையில் நான் கடித்தது ஒரே ஒரு கிழங்கு.

ஏழு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. எதற்கும் உதாரணம் சொல்கிறவள் நான். இதற்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

போன வாரம் ஊர்த் தலைவரிடம் சொன்னேன். "பசிலிசாவக் காப்பாத்த நீங்க பழிய ஏத்துக்கிறீங்க. இந்த மனசு யாருக்கு வரும்!" என்று காப்பி ஊற்றிக் கொடுத்தார். கிரிசாந்தோவிடமும் சொன்னேன், "வேணாம் டீச்சர்" என்பதோடு நிறுத்திக்கொண்டான். வகுப்பில் முதல் மாணவியின் விடைத்தாளில் பிழை கண்டால், நான்தான் சரியாகப் படிக்கவில்லையோ என்று மறுபடி பார்ப்பேன். கடைசி வரிசைப் பெண் சரியாக எழுதினால், யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்பேன். முப்பத்தைந்து வருடம் இந்த ஊருக்கு நான் கற்றுக்கொடுத்தது அதைத்தான் போலிருக்கிறது. நீ நாலாம் வகுப்போடு நின்றவள், சந்தையில் நிலுபாக் விற்றவள். உன்னால் என்றால் உடனே நம்புகிறார்கள்.

கல்யாணத்தன்று அம்மாவின் இடத்தில் ஞானத்தாயான நான்தான் நிற்கவேண்டும் என்கிறாள் லூர்தெஸ். அவளிடமும் சொன்னேன். அழுதாள். பிறகு, "அம்மா மேல உங்களுக்கு எவ்வளவு பாசம்!" என்று என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உடையும் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

நீ ஒருத்தி நம்புவாய். பார்த்தாச்சு என்று நான் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தவள் நீதான்.

உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வாய் வரவில்லை. மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். உன் மகளுக்கு உன் கையால் ஒரே ஒரு வரி எழுதிப் போடு: அந்த இடத்தில் தியோடோரா நிற்கக் கூடாது என்று. நீ சொன்னால்தான் கேட்பாள். அந்த வரி கல்யாணத்துக்கு முன்னால் அவள் கைக்கு வந்து சேரும்படி எழுது, பசிலிசா.

இப்படிக்கு,
தியோடோரா