அக்காவின் மஞ்சள் சேலை, ஏழு பூச்சு

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மேகம், சாரல், காற்று. ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. இல்லாவிட்டால் ஈரப் பெயின்ட்டில் தூசி.

அக்கா பொம்மை வந்துவிட்டது. சரவணம்பட்டியில் போட்டோ கொடுத்து 3டி பிரிண்ட் எடுத்தது, வெறும் வெள்ளையாக. என் கட்டைவிரல் உயரம். சிப்பாய், குதிரை என்று எத்தனையோ பொம்மைக்கு வர்ணம் அடித்திருக்கிறேன். தெரிந்த முகத்துக்கு அடிப்பது இதுதான் முதல்.

ஞாயிறு அன்று ஈரோட்டிலிருந்து வருகிறாள். அவள் கிட்னி எனக்குள் வந்து அன்றோடு ஒரு வருடம். இதுவரை ஒரு தடவைகூட நன்றி சொல்ல விடவில்லை. ஆரம்பித்தாலே, "அட, வெய்யிடா போன" என்று அவளே வைத்துவிடுவாள். வாயால் ஆகாததைப் பிரஷ்ஷால் பார்ப்போம்.

பாக்கி: சேலை. தலைமுடி. முகம் (பயம்).

ஜூலை 15, செவ்வாய்

கா. 7 முதல் 9 வரைதான் பெயின்ட். ஒன்பது மணி மாத்திரை உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். மருந்தின் குணம், பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர். பயமில்லை, எரிச்சல்தான்.

காலி மாத்திரை அட்டையின் குழிகளில்தான் கலப்பது. குழிக்கு ஒரு நிறம்.

மஞ்சள் அடங்காத நிறம். கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் சேலை மடிப்பெல்லாம் மூடிப்போகும். மோர் பதத்துக்கு நீர்க்கவிட்டு, காயவிட்டு, மறுபடி. இரண்டு பூச்சு முடிந்தது. அடியில் இன்னும் வெள்ளை தெரிகிறது.

ஏழரைக்கு அக்கா போன். தினமும் அதே கேள்வி.

"தண்ணி குடிச்சியா?"

"அரை லிட்டர் ஆச்சுக்கா."

"பத்தாது கண்ணு."

மூன்று லிட்டர் கணக்கு என்னைவிட அவளுக்குத்தான் ஞாபகம்.

ஜூலை 16, புதன்

ரத்தப் பரிசோதனை. எல்லாம் ஒழுங்கு. அப்பாடா. பெயின்ட் இல்லை.

துடியலூர் ஸ்டாப்பில் ஒரு அம்மாள் போனில்: "நீங்க சாப்புட்டுப் படுங்க, நா வந்து சண்ட போட்டுக்கறேன்."

ஜூலை 17, வியாழன்

சேலை ஆறு பூச்சு. மடிப்பு துலங்குகிறது. தலைமுடிக்குக் கருப்பு.

ஜூலை 18, வெள்ளி

புத்தி கெட்ட வேலை. கருப்பு முடி முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கிறது, பாத்ரூம் குழாயில் உப்புப் படிந்த மாதிரி. காரணம் நான்தான். கருப்பை போர்வெல் உப்புத் தண்ணியில் கரைத்தேன்.

குழாயில் சிறுவாணி நல்ல தண்ணி வந்து எட்டு நாள். இருக்கிற இரண்டு குடமும் எனக்குக் கொதிக்கவைத்துக் குடிக்க என்று என் மனைவி சுமதி மூடி வைத்திருக்கிறாள். அதில் கை வைக்க மனம் வரவில்லை. மஞ்சளுக்கு என் டம்ளரில் மீந்ததை வைத்துச் சமாளித்தேன். கருப்புக்கு அது போதவில்லை.

"ஏனுங்க, கேட்டா ஒரு சொம்பு குடுக்க மாட்டனுங்களா?"

"குடிக்கற தண்ணில பிரஷ்ஷ முக்கறதா?"

"அண்ணிக்குத்தானுங்க."

சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிடித்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, ஒரு வருடமாக. ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அடுத்த பொம்மை இவளுக்குத்தான்.

ஜூலை 19, சனி

முடி மறுபடி, நல்ல தண்ணியில், மூன்று மெல்லிய பூச்சு. காதோரம் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் போகவில்லை. இன்னும் அடித்தால் காதே காணாமல் போகும். விட்டுவிட்டேன்.

முகம். பாட்டிலில் வரும் தோல் நிறமெல்லாம் வெள்ளைக்காரன் தோல். பழுப்பும் ஒரு துளி சிவப்பும் கலந்து அக்கா நிறம் கொண்டுவர அரை மணி நேரம். கண்ணுக்குப் புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். கை ஆடவில்லை. முருகா, ரொம்ப நன்றி.

சேலைக்கு ஏழாவது பூச்சு. முடிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல வெயில். பத்து மணிக்கு அக்கா, முருங்கைக்காய்க் கட்டோடு.

பொம்மையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம், நடுக்கம். அக்கா என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"கைய எங்க வெச்சிருக்கேன் பாரு."

பொம்மையில் அவள் கை இடது இடுப்பில், தழும்பு இருக்கிற இடத்தில். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பழக்கம், போட்டோவிலும் அப்படியேதான். அந்தப் பேச்சை அவளாக எடுத்தது இதுதான் முதல் தடவை. நான் விடவில்லை.

"உன்னாலதான்க்கா இருக்கேன். ரொம்ப நன்றிக்கா."

வைப்பதற்கு அவள் கையில் போன் இல்லை. கண் கலங்கியது. பொம்மையைக் கிட்டே கொண்டுபோய்,

"இதென்றா, காதுகிட்ட நரை?" என்றாள்.

உப்புத் தண்ணிக் கதை முழுக்கச் சொன்னேன்.

"அப்பறம் நல்ல தண்ணிய ஊத்தியா சரி பண்ணுன?"

"ஒரு சொம்புதானுங்க அண்ணி," என்றாள் சுமதி.

"எனக்கு உப்புத் தண்ணியே போதும் சாமி. நல்ல தண்ணிய நீ குடி."

சுமதி ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். குடித்தேன். அடி வரைக்கும் குடிக்கிறேனா என்று அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.