அரசனை எதிர்க்காத ஐந்தாம் வகுப்பு

அன்பு மகள் கோராவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஏணியில் ஏறாதே என்றால் கேட்பதில்லை. எனக்கு வலி வகுப்பறையில். யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவேன், உன் அம்மாவோ போதும் நிறுத்துங்க என்று காதைப் பொத்திக்கொள்கிறாள், ஆகவே நீ மாட்டிக்கொண்டாய்.

என் அரசர் வாரம் உனக்குத் தெரியுமே. அட்டைக் கிரீடம் மாட்டி நான் இங்கிலாந்து அரசனாகிவிடுவேன், பிள்ளைகள் கடலுக்கு இந்தப் பக்கம் அமெரிக்காவில் இருக்கும் என் குடிமக்கள். அவர்களைக் கேட்காமலே தினம் ஒரு சட்டம் போட்டு விளையாட்டு நேரத்தில் ஐந்தைந்து நிமிடமாகப் பிடுங்குவேன். இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் நாளே வகுப்பு கொதித்து எழும், எங்களைக் கேக்காம நீங்க எப்படிச் சட்டம் போடலாம் என்று மேஜையைத் தட்டுவார்கள், மனு எழுதுவார்கள், அங்கிருந்து சுதந்திரப் பிரகடனம், அரசியல் சட்டம் என்று பாடம் தானாக ஓடும். இந்த வருஷம் புதிதாக வந்த தலைமையாசிரியை ப்ரூயிட் அம்மா, சரித்திர வகுப்பை எடுத்துவிட்டு வாசிப்புத் தேர்வுப் பயிற்சி வைக்கலாமே என்கிறாள். பிள்ளைங்க இதுல என்னதான் கத்துக்கறாங்கன்னு வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன் சார், அப்புறம் முடிவு பண்ணலாம் என்றாள்.

திங்களன்று ஐந்து நிமிடம் பிடுங்கினேன். சரி சார் என்றார்கள். செவ்வாயன்று பத்து. சரி சார். புதன்கிழமை நாலாம் வகுப்பிலிருந்து ஆறு பேரை என் படைவீரர்கள் என்று கூட்டிவந்து இவர்கள் நாற்காலியில் உட்காரவைத்தேன், இவர்கள் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள்! ஒருத்தி வீரனுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கிறாள், கோரா! வியாழக்கிழமை தாங்கமுடியாமல், உங்களுக்குக் கோபமே வராதா என்று கத்தினேன். நாங்க நல்ல பிள்ளைங்க சார் என்றான் ரஸ் என்கிற பையன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ப்ரூயிட் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, விளையாட்டு நேரமே இனி கிடையாது என்று அறிவித்தேன். வாயே திறக்காத டெல்லா நாற்காலி விழ எழுந்தாள். முடியாது, உங்களை யாரு ராஜா ஆக்கினது, நாங்க வெளிய போறோம் என்றாள். ஐந்து நாளாக இதற்குத்தானே காத்துக் கிடந்தேன்! என் கை என்ன செய்தது தெரியுமா? பழக்க தோஷம், சட்டென்று திரும்பி, சேட்டை செய்கிறவர்கள் பேரை எழுதும் பலகை மூலையில் அவள் பேரை எழுதிவிட்டது. அவள் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டாள். நான் அப்பவே சொன்னேன்ல, பேர் எழுதிடுவாருன்னு, என்று ரஸ் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது.

ப்ரூயிட் அம்மா எழுந்து வந்து என் கையைக் குலுக்கினாள். வகுப்பை எவ்வளவு கட்டுப்பாடா வெச்சிருக்கீங்க சார், ஒரே செகண்டுல அடக்கிட்டீங்களே, இந்தப் பாடம் அடுத்த வருஷமும் இருக்கட்டும் என்றாள். நானும் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். வெட்கக்கேடு. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்தப் பேரை அழித்து, எல்லார் முன்னாலும் டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். ப்ரூயிட் அம்மாவிடமும் நடந்ததைச் சொல்வேன், சரித்திர வகுப்பு போனால் போகட்டும்.

காருக்குப் பனிக்கால டயர் மாட்ட மறக்காதே. அம்மா முத்தம் அனுப்புகிறாள். நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக வாழவேண்டும். உன் மேலதிகாரி கேட்காமலே ஞாயிற்றுக்கிழமையும் வேலை போடுகிறான் என்று எழுதியிருந்தாய், பொறுத்துப் போ என்று பதில் எழுதியவன் நான்தான். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன் அப்பா,
வெண்டல்