வெள்ளிக்கிழமைக் காந்தல்

பஸ்ரா
வியாழன் இரவு

அன்புள்ள நுஹா அக்காவுக்கு,

தபாரக் ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மான் நகரில் நீயும் மச்சானும் குழந்தையும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

அம்மாவின் போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். அந்தப் போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு உம்மு ஸத்தார் கண் ஆபரேஷனுக்காக நாளைக் காலை விமானத்தில் அங்கே வருகிறார். உனக்கென்று அம்மா கொடுத்துவிடும் பேரீச்சம்பழப் பெட்டிக்குள் இதைச் செருகிவிடுவேன். ஜெனரேட்டர் சத்தம் நிற்கும்போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். பேனா கீறுவது அப்பாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயம்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் எங்களை ஆற்றங்கரையில் பழைய ஜனாதிபதி கட்டிய அரண்மனைக்கு அழைத்துப்போனார்கள். இப்போது அது மியூசியம். அனுமதித் தாளில் அப்பா கையெழுத்துப் போடவில்லை. தாளைத் தேநீர்த் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். அம்மாதான் போட்டாள். இவள் ஒருத்தி மட்டும் போகாவிட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள் என்றாள். காலையில் நான் ஷூ மாட்டும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். “போ, பாரு, வா. யார்கிட்டயும் எதுவும் சொல்லாத” என்றார். அவ்வளவுதான்.

அக்கா, அந்த வாசல் கதவே நம் வீட்டைவிட உயரம். உள்ளே எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே வேறு யாரோ வருவது போலக் கேட்டது. ஜனாதிபதியின் பெரிய கூடத்தில் இப்போது கண்ணாடிப் பெட்டிகள், அவற்றில் களிமண் பலகைகளும் பழைய காசுகளும். யாரும் காசைப் பார்க்கவில்லை. எல்லாரும் கூரையைத்தான் பார்த்தோம். என் பக்கத்தில் உட்காருவாளே ருசுல், அவள், “இதப் பெருக்க ஒரு தெரு சனமே வேணும்டி” என்றாள். எங்கள் விஜ்தான் டீச்சர் மட்டும் எதையும் பார்க்காமல் ஜன்னல் ஓரம் நின்று வெளியே மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றிக்காட்டிய பெண், ஜனாதிபதி இங்கே வருவதே அபூர்வம், ஆனாலும் மூன்று வேளையும் அவருக்காகச் சமைத்து வைப்பார்களாம் என்றார். “எங்க வீட்ல ஆளுங்க ஒழுங்கா வர்றாங்க, சாப்பாடுதான் வர்றதில்ல” என்றாள் ருசுல். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமைத்தது யார் என்று எனக்குத் தெரியுமே. சமையலறைப் பக்கம் பூட்டியிருந்தது. கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். வெள்ளை ஓடு பதித்த சுவர், நீளமாக ஒரு கழுவுதொட்டி. அப்பா ஆறு வருடம் நின்ற இடம்.

வெளியே வரும் வழியில் மேசைமேல் தடியாக ஒரு நோட்டு இருந்தது. பார்க்க வந்தவர்கள் பெயர் எழுதுவதற்கு. எங்கள் வகுப்புப் பெண்கள் வரிசையாக நின்று தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், கடைசியில் குலப்பெயர் என்று எழுதினார்கள். குலப்பெயரைத்தான் இழுத்து இழுத்து அழகாக எழுதினார்கள். நான் பள்ளியில் எழுதுவது போல மூன்று பெயரோடு நிறுத்தினேன். ருசுல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “உனக்கு மட்டும் ஏன்டி மொட்டையா நிக்குது? உங்க தாத்தாவ ஆத்துல வலை போட்டுப் புடிச்சாங்களா?” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நாலாவது பெயரையும் எழுதினேன். அதோடு விட்டேனா? அதற்குக் கீழே, என் அப்பா இந்த வீட்டில் ஆறு வருடம் சமைத்தார் என்று ஒரு வரியும் எழுதினேன்.

அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். படித்தால் எந்த ஊர், எந்தக் கூட்டம், அந்த ஜனாதிபதியின் ஆட்சிக்கு எவ்வளவு வேண்டியவர்கள் என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆட்சி கவிழ்ந்த பிறகு பழைய வீட்டு வாசலில் கிடந்த உறையை நீதான் எடுத்தாய். உள்ளே காகிதம் இல்லை, ஒரு தோட்டா மட்டும் இருந்தது என்று நீதான் எனக்குச் சொன்னாய். அன்று இரவே என்னைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பியதும், அப்பா அந்தப் பெயரையும் சமையல் வேலையையும் விட்டுவிட்டு டயர்க் கடைக்குப் போனதும், எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் எழுதினேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் செய்தது உறைத்தது. தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி இறங்கி ஓடினேன். நோட்டு இருந்தது. என் பக்கம் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் விஜ்தான் டீச்சர் என்னை இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். வேறு யாரும் பார்ப்பதற்குள் கிழித்துவிட்டாராம்.

“உங்கப்பா இப்பவும் சமைக்கிறாராம்மா?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மட்டும், வீட்டில் மட்டும் என்றேன்.

அப்புறம் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பெயர் ஹாதிம். அரண்மனை மதில் வேலைக்கென்று பிடித்துக்கொண்டு போனார்களாம். ஒரு லாரிக்காரர் மூலம் ஒரே ஒரு சேதி வந்ததாம். பசி இல்லை, கவலைப்படாதீர்கள், சமையல்காரர் ஒருவர் வேலி வழியாகத் தினமும் காந்தல் சோறு தருகிறார் என்று. அதன்பின் ஒன்றுமில்லை. இருபது வருடமாகிறது. அவர்கள் அம்மா இன்னமும் வாசல் கதவைத் தாழிடாமல்தான் தூங்குகிறாராம்.

“உங்கப்பாவ மாட்டிவிட இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. இந்தத் தாள அவர் கையிலயே குடுத்துடறேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான்” என்றார். சொல்லிவிட்டுத் தாளை மடித்து மறுபடியும் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அன்பாகத்தான் சொன்னார், அக்கா. ஆனால் தாள் அவரிடம் இருக்கிறது. அவர் வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள், அதை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னால் பரண்மேல் இருக்கும் பெட்டிகளை இறக்கிவிடுவார். பொழுது விடிவதற்குள் இந்த வீடும் பழைய வீடாகிவிடும். சொல்லாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை டீச்சரே தேடி வந்து கதவைத் தட்டுவார்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சோற்றுப் பானையை இறக்கியதும் அடியில் பிடித்த காந்தலை அப்பா நம்மைத் தொட விடமாட்டார் அல்லவா? நமக்கெல்லாம் அதுதான் பிடிக்கும். நல்ல பொன்னிறத் துண்டாகப் பெயர்த்துத் தனித் தட்டில் போட்டு ஜன்னல் கட்டையில் வைப்பார். யாருக்கு என்று கேட்டு நீ ஒருமுறை அடி வாங்கியிருக்கிறாய். குருவிகளுக்கு என்று அம்மா சமாளித்தாள். தட்டை வைக்கும்போது அப்பாவின் உதடு அசையும். பிஸ்மில்லாஹ் சொல்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன பெருநாளுக்குப் பெரியப்பாவை அடக்கிய கபரடியில் நின்று அவருக்காக ஃபாத்திஹா ஓதினாரே, அப்போதும் உதடு அப்படித்தான் அசைந்தது. அதே அளவு நேரம். நேற்றிரவு படுத்துக்கொண்டு அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டீச்சரின் கேள்விக்குப் பதில் நம் வீட்டு ஜன்னலில்தான் இருந்திருக்கிறது. அதை நான் சொல்ல முடியாது. டீச்சரின் அம்மா எழுந்துபோய்க் கதவைத் தாழிட வேண்டிய பதில் அது. அப்பாதான் சொல்ல வேண்டும்.

நாளை மதியம் அவர் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போகும்முன் சொல்லிவிடப்போகிறேன். நீங்கள் தட்டு வைப்பவருடைய அக்கா உங்களைத் தேடுகிறார் என்று மட்டும் சொல்வேன். அதன்பின் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் போனுக்குக் கூப்பிடு, அக்கா. யாரும் எடுக்காவிட்டால் நாங்கள் கிளம்பிவிட்டோம் என்று வைத்துக்கொள். எடுத்தால் அப்பாவிடம் கொடுக்கச் சொல். நீ பேசினால் கேட்பார். எதையும் விசாரிக்காதே, அழாதே. ஞாயிற்றுக்கிழமைக்கு அவருடைய வெள்ளைச் சட்டையைத் தபாரக் இஸ்திரி போட்டு வைப்பாள் என்று மட்டும் சொல். அது போதும்.

உன் வாசலில் எந்த உறையும் வந்து விழாமல் அல்லாஹ் காப்பானாக. கதவைத் தாழிட்டுத் தூங்கு.

உன் தங்கை
தபாரக்

மீதிப் பெயர் உனக்குத் தெரியும்.